ரத்தம் எத்தனை பாயிண்ட்?

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கம் விடியற்காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். எல்லை தாண்டி, கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு சில குமுளி ஏறும், சில கம்பம்மெட்டு ஏறும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ஐந்து மாதம், ஆறு மாதம் வரைக்கும் காய் எடுக்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகும்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அநேகமாக வரும் பதில், "ரத்தம் கொஞ்சம் கம்மியாம்க்கா, நர்ஸம்மா சொன்னாங்க." எத்தனை பாயிண்ட் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தெரியாத எண்ணைப் பற்றித்தான். பத்து பாயிண்டும் கம்மிதான், ஆறு பாயிண்டும் கம்மிதான். பத்து என்றால் மாத்திரையில் சரியாகும். ஆறு என்றால் பிரசவத்தன்று உயிருக்கே ஆபத்து.

பாயிண்ட் என்றால் என்ன?

ரத்தத்தில் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி, உடம்பெங்கும் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜீப்பை வைத்தே சொல்லிவிடலாம். சிவப்பணு ஜீப், ஆக்சிஜன் அதில் ஏறும் ஆள், ஹீமோகுளோபின் உள்ளே இருக்கும் சீட்டு. அந்த சீட்டைச் செய்யத்தான் இரும்பு வேண்டும். இரும்பு போதாவிட்டால் ஜீப்பும் சின்னதாகிவிடும், சீட்டும் குறைந்துவிடும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே உடம்பு தினமும் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. இரும்பும் தினமும் வேண்டியிருக்கிறது.

நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதைத்தான் பாயிண்ட் என்கிறோம். கர்ப்பிணிக்கு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 10 முதல் 10.9 வரை லேசான ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம். 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட கணக்கு இது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3, கேரளத்தில் 31.4. இவர்களில் 7-க்குக் கீழே போகிறவர்கள் சிறு பங்குதான். ஆனால் பிரசவத்தில் கைவிட்டுப் போகும் உயிர்கள் அந்தச் சிறு பங்கில்தான் அதிகம். 29 நாடுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் விவரங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையான ரத்தசோகை உள்ள தாய்க்கு இறப்பு அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது.

கர்ப்பத்தில் ஏன் இறங்குகிறது?

கர்ப்பத்தில் ரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நீர்ப்பகுதி நிறையக் கூடுகிறது, அணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. திடீரென்று விருந்தாள் வந்தால் ரசத்தில் தண்ணீர் விட்டு விளாவுவோமே, அது மாதிரி. அதனால் கொஞ்சம் இறங்குவது எல்லோருக்கும் இயல்பு. அதற்கு மேல் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், கூடும் ரத்தத்துக்கும், பிரசவத்தில் போகும் ரத்தத்துக்கும் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. கையில் இருப்பு உள்ள பெண் அதிலிருந்து எடுத்துக்கொள்வாள். மாதவிடாயில் அதிகம் போய், முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டாவது உண்டாகி, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டுப் பழகிய பெண்ணுக்கு எடுக்க என்ன இருக்கிறது?

அப்புறம் கொக்கிப்புழு. ஈரமான தோட்ட மண்ணில், திறந்தவெளியில் மலம் கழித்த இடத்தில், வெறுங்காலோடு நிற்கிறவர்களின் பாதத் தோல் வழியாகவே இந்தப் புழு உள்ளே போகும். குடலில் கொக்கிபோலப் பற்றிக்கொண்டு தினமும் துளித்துளியாக ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சொற்பம். நூறு, இருநூறு சேர்ந்தால் என்ன சாப்பிட்டும் தேறாது. நான்காம் மாதத்துக்கு மேல் ஒருமுறை கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை இதற்குத்தான். முதல் மூன்று மாதத்தில் மட்டும் அதைப் போடக் கூடாது.

பச்சரிசி

என் பக்கத்து வீட்டு மதினி ஒருவர் இரண்டாவது கர்ப்பத்தின்போது ஆறாம் மாதம் வரை தோட்டத்துக்குப் போனார். மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்பார், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முந்தானையில் எதையோ முடிந்து வைத்து, பேச்சுக்கு நடுவே எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பச்சரிசி.

"என்ன மதினி, வெறும் அரிசியத் திங்கிறீங்க?"

"என்னமோ தெரியல, இது வாயில இருந்தாத்தான் நிம்மதியா இருக்கு. ஒரு நாளைக்கு அரைப்படி போகுது."

பச்சரிசி, சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி, மண் என்று தின்னத் தோன்றுவது மசக்கை ஆசை என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்து அடியோடு குறைந்தவர்களுக்கு வரும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அவர் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். உள்ளே செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய இடம் வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் விட்ட பிறகும் வெளுப்பாகவே நின்றது. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் குத்தி மெஷினில் பார்த்தார்கள். 6.4.

அந்த எண்ணோடு அவர் முந்தின நாள் வரை மலையேறி வேலை பார்த்திருக்கிறார் என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. ரத்தம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு பழகிக்கொள்கிறது. ஜீப் குறைந்துவிட்டால் இருக்கிற ஜீப்புகள் ட்ரிப்பைக் கூட்டி ஓட்டுவது போல, இதயம் வேகவேகமாக அடித்து இருக்கும் ரத்தத்தையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இதயம் களைத்துப்போகும் நாளில்தான் வெளியே தெரியும்: படுத்தால் மூச்சு முட்டும், சும்மா இருக்கும்போதே படபடக்கும், முகமும் காலும் வீங்கும், மயக்கம் வரும். இந்த நிலை வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108.

பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலும் 11 பாயிண்ட் உள்ள பெண் பெரும்பாலும் தாங்கிவிடுவாள். 6 பாயிண்டில் இருப்பவளுக்கு அந்த அரை லிட்டரே போதும், அவளைக் கீழே தள்ள. குழந்தைக்கும் கேடுதான்: குறைப்பிரசவம், எடைக் குறைவு.

மாத்திரையும் டீயும்

தடுப்பதற்கு வழி மிக எளிது, மிக மலிவு. நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒரு சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2018-ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தின் அளவு இது.

போலிக் அமிலத்தின் கதை நம் பக்கத்தோடு தொடர்புடையது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் இந்தியா வந்து, பம்பாயில் துணியாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் இருந்து வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் அந்தப் பெண்களைக் குணமாக்கியது. அதில் இருந்த சத்துதான் பிற்பாடு போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று நாம் கையில் வாங்கும் மாத்திரையில் அந்த ஏழைத் தொழிலாளிப் பெண்களின் பங்கும் இருக்கிறது.

சரி, இலவச மாத்திரை இருந்தும் ஏன் ரத்தம் ஏறுவதில்லை? ஒன்று, வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல். கறுப்பு நிறத்துக்குப் பயப்படவே வேண்டாம், உறிஞ்சப்படாத மிச்ச இரும்புதான் அது. மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் நிறத்துக்கும் இரும்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொன்று, மாத்திரையைத் தவறாமல் போட்டுவிட்டு உடனே டீ குடிப்பது. தோட்டத்தில் கட்டஞ்சாயா இல்லாமல் யாருக்கும் பொழுது போகாது. குளிருக்கும் களைப்புக்கும் அதுதான் துணை. ஆனால் டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தாலே உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம். டீயை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் அப்படிச் சொல்வதில்லை. மாத்திரையும் டீயும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படியே. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சேராது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஜீப்புக்கு ஓடும் பெண்ணுக்கு நான் சொல்வது இதுதான்: சுண்ணாம்பு மாத்திரையைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு போட்டுக்கொள். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடு. எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போட்டாலும், ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டாலும் இன்னும் நன்றாகச் சேரும். தூங்கிவிட்டால் குமட்டலும் தெரியாது.

மாதுளை, பீட்ரூட், பேரீச்சை என்று வாங்கிக் கொடுக்கும் கணவன்மார்களின் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நூறு கிராம் பேரீச்சையில் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு. பீட்ரூட்டில் அதுவும் இல்லை, மாதுளையில் இன்னும் குறைவு. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைப்பதில்லை. அந்தக் காசுக்குக் கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, பயறு, மீன், முட்டை, முடிந்தால் கறி வாங்கலாம். கறியிலும் மீனிலும் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாகச் சேரும். நம் ஊரில் ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நல்ல வழக்கம், நன்றாக வேக வைத்தால் சரி. இத்தனையும் வராமல் தடுக்கத்தான் போதும். 7-க்குக் கீழே இறங்கிவிட்ட பெண்ணைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்றிவிட முடியாது. பிரசவத்துக்கு முன்பு அதற்கு நாள் போதாது.

பாயிண்டும் வாரமும்

சிகிச்சையை இரண்டு எண்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன: ரத்தம் எத்தனை பாயிண்ட், பிரசவத்துக்கு இன்னும் எத்தனை வாரம்.

7-லிருந்து 10.9 வரை என்றால் மாத்திரை தினம் இரண்டாகும். ஒழுங்காகப் போட்டால் நான்கு வாரத்தில் ஒரு பாயிண்டாவது ஏற வேண்டும். ஏறிவிட்டால் 11 வரும் வரை அதையே தொடர்ந்து, பிறகு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். ஏறவில்லையா? மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போயும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். நீலகிரி, அட்டப்பாடி, வயநாடு பக்கப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் நோய் பரம்பரையாக வருகிறது. தலசீமியாவும் உண்டு. அங்கே பழுது ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே இருக்கிறது, இரும்பை அள்ளிக் கொடுத்தாலும் தீராது. தனிப் பரிசோதனை வேண்டும்.

ஒன்பது பாயிண்ட் நான்காம் மாதத்தில் என்றால் மாத்திரைக்கு நேரம் இருக்கிறது. அதே ஒன்பது பாயிண்ட் எட்டரை மாதத்தில் என்றால், மாத்திரை வேலை செய்து முடிப்பதற்குள் வலி வந்துவிடும். அதனால் கர்ப்பம் முற்றிய பிறகு தெரியவந்தாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை மருத்துவர் யோசிப்பார்.

5-லிருந்து 6.9 வரை என்றால் ஊசி வழி இரும்புதான் முக்கிய சிகிச்சை. கடைசி மூன்று மாதத்தில் இந்த அளவு இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். 5-க்குக் கீழே என்றால் எத்தனையாவது மாதமானாலும் உடனே சேர வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

மதினிக்கு ஆறாம் மாதம் முடிகிற நேரம். அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடை 50 கிலோ. 6.4-லிருந்து 11-க்கு ஏற வேண்டியது 4.6. இரண்டையும் பெருக்கினால் 230. அதை 2.4-ஆல் பெருக்கினால் 552. இருப்பில் வைக்க இன்னொரு 500. மொத்தம் 1052 மில்லிகிராம், அதாவது சுமார் ஒரு கிராம். அயர்ன் சுக்ரோஸ் என்ற மருந்தானால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம் ஒன்றுவிட்டு ஒருநாள், ஐந்து தடவை ஏற்ற வேண்டும். பெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் 1000 மில்லிகிராமையும் கால் மணி நேரத்தில் ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். மலையில் இருந்து ஐந்து தடவை கூலியை விட்டுவிட்டு இறங்கி வர முடியாத பெண்ணுக்கு இந்த ஒரே தடவை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அபூர்வமாக ஒவ்வாமை வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஏற்றுவார்கள், முதல் மூன்று மாதத்தில் ஏற்றமாட்டார்கள்.

"பாட்டில் போட்டாங்க, மறுநாள் பாத்தா ரத்தம் ஏறவே இல்லையே" என்று மதினியின் மாமியார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். இரும்பு ஏற்றுவது வேறு, ரத்தம் ஏற்றுவது வேறு. இரும்பு மூலப்பொருள்தான், அதை வைத்து எலும்பு மஜ்ஜை அணுக்களைச் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். நான்காவது வாரம் பார்த்தபோது 8.9.

ரத்தம் ஏற்றுவது தயாரான ஜீப்பையே கொண்டுவந்து நிறுத்துவது போல. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு பாயிண்ட் கூடும். கடும் ரத்தசோகையில் ஏற்கெனவே களைத்திருக்கும் இதயத்துக்குத் திடீரென்று கூடும் சுமை ஆகாது என்பதால், நீரைப் பிரித்த செங்குருதி அணுக்களை மெதுவாக, கண்காணித்துக்கொண்டே ஏற்றுவார்கள். சீக்கிரம் முடியுங்கள் என்று நர்ஸை நெருக்க வேண்டாம்.

குமுளியிலிருந்து தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அறுபது கிலோமீட்டருக்கும் மேல். கேரளப் பக்கம் தோட்டத்து லயத்தில் தங்கியிருந்தால் மலைவளைவுகளில் நெடுங்கண்டம் போக வேண்டும், இல்லை இடுக்கிக்கு. இந்தத் தூரத்தை வலி வந்த ராத்திரியில் யோசிக்க ஆரம்பித்தால் நேரம் தாண்டிவிடும். 7-க்குக் கீழே போனவர்கள் ரத்தம் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவது, அதே குரூப் ரத்தம் கொடுக்க யார் யார் என்பதை எட்டாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் மத்திய அரசுத் திட்டம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம் எல்லாம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலவசம். 108 இரண்டு பக்கமும் வரும்.

எல்லை தாண்டும் பெண்ணுக்கு நடக்கும் ஒரு கெடுதல், அட்டையை ஊரில் வைத்துவிட்டுப் போவது. இந்தப் பக்கம் நர்ஸம்மா தேடும்போது அவள் மலையில் இருப்பாள். அந்தப் பக்கம் சுகாதாரப் பணியாளரான ஆஷா கேட்கும்போது அட்டை கம்பத்தில் இருக்கும். இரண்டு பேருக்கும் அவள் மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஆள். தாய் சேய் அட்டையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தூக்குவாளியோடு கூடவே போக வேண்டும். அட்டையைப் போட்டோ எடுத்துக் கணவன் போனிலும் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒன்பதாம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் நாள். எந்தப் பக்கம் இருந்தாலும் அன்றைக்குப் போய், ரத்தத்தைப் பார்த்து, எண்ணைத் தேதியோடு எழுதி வாங்க வேண்டும்.

மதினிக்குப் பிரசவம் நல்லபடியாக நடந்தது. அன்றைக்கு 10.6. பிள்ளை வெளியே வந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல் பொறுத்து வெட்டினார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் போகும் கூடுதல் ரத்தம் முதல் சில மாதங்களுக்கு அதற்கு இரும்பு இருப்பாகும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பத்தியம் என்று கீரையையும் மீனையும் நிறுத்தினார், மாத்திரையையும் எடுத்து வைத்துவிட்டார். பிள்ளைதான் பிறந்தாச்சே என்றார். பால் கொடுக்கும் உடம்பு, பிரசவத்தில் போன ரத்தத்தையும் ஈடுகட்ட வேண்டும், இன்னும் 180 நாள் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அட்டை மாத்திரையை எடுத்துவந்து, பிள்ளையை மடியில் போட்டிருந்த மருமகளிடம் கொடுத்து, "எத்தனை மணிக்குப் போடணும்னு சொல்லு, நான் எழுப்பி விடுறேன்" என்றார்.